மிக்சியை நான்தான் கொன்றேன், வெள்ளம் இல்லை

வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்று வடிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் இல்லை, மிதந்து போய்க் கதவை அடைத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. அத்தனை பெரிய பொருள் மிதக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கீழ் அலமாரியில் நனைந்த மிக்சியைத் துணியால் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, கரன்ட் இருந்த மாடி வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தேன். ஒரு உறுமல், உள்ளே ஒரு பொறி, கருகிய வாசம். அவர்கள் வீட்டு மெயினும் ட்ரிப் ஆனது. நனைந்தபோது அது சாகவில்லை, ஈரத்தோடு நான் கரன்ட் கொடுத்ததில்தான் காயில் எரிந்தது.

அப்புறம்தான் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"தம்பி, இனிமே எதையும் பிளக்கில சொருகாதீங்க. எல்லாத்தையும் முதல்ல கழுவுங்க."

"கழுவுறதா? ஏற்கெனவே நனைஞ்சுதானே கிடக்குண்ணே?"

காரணம் சொன்னார். வெள்ளத் தண்ணீரில் சேறும் உப்பும் சாக்கடையும் கலந்திருக்கும். அப்படியே காயவிட்டால் தண்ணீர் போய்விடும், அழுக்கு தங்கிவிடும். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு கரன்டைக் கசியவிடும், கம்பி முனைகளை அரிக்கும். அதனால் நல்ல தண்ணீரில் சேறு போகும்வரை அலசிவிட்டுத்தான் காயவைக்க வேண்டும். கையுறை போடச் சொன்னார். அலசுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்தேன், காப்பீடு கேட்பதற்கும் ஆகும், எந்த வயர் எங்கே இருந்தது என்று பார்ப்பதற்கும் ஆகும்.

அதிக நேரம் பிடித்தது வாஷிங் மெஷின். நல்லவேளை, மேலே இருக்கும் போர்டு நனையவில்லை, அடியில் இருக்கும் மோட்டாரும் பம்பும்தான் மூழ்கின. பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்துக் கழுவினால் அதிலிருந்து வந்த சேற்றைப் பார்த்து மலைத்துப்போனேன். மூன்று நாள் ஃபேன் காற்றில் வைத்து அவ்வப்போது கையால் சுற்றிவிட்டேன். ஹேர் டிரையரைச் சூடாகப் பக்கத்தில் பிடிக்க வேண்டாம், பிளாஸ்டிக் பாகங்கள் நெளிந்துவிடும் என்றார். மூன்றாம் நாள் அண்ணன் மெகர் (இன்சுலேஷன் வழியாகக் கரன்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) கொண்டுவந்து 500 வோல்ட்டில் மோட்டாரின் கம்பிச் சுருளைச் சோதித்தார். அரை மெகாஓம் கூட இல்லை, எண் குறையக் குறையக் கசிவு அதிகம் என்று அர்த்தம். என்னிடம் இருந்த மல்டிமீட்டர் எல்லாம் சரி என்றுதான் காட்டியது, ஆனால் அது சின்ன பேட்டரியில் சோதிப்பது, இன்சுலேஷனில் இருக்கும் ஈரத்தை அதை வைத்து நம்ப முடியாது. ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்னும் இரண்டு நாள் காய்ந்த பிறகு 20 மெகாஓம் காட்டியது. அப்போதும் நேராக பிளக்கில் போடவில்லை, கரன்ட் பல்பு வழியாகவே மோட்டாருக்குப் போகும்படி 100 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் கொடுத்துப் பார்த்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பொருள் தப்பிக்கும். மங்கலாக எரிந்தபோது எனக்கு மூச்சு வந்தது.

ஃப்ரிட்ஜ் நான் பயந்த அளவுக்கு இல்லை. கம்ப்ரஸர் முழுக்க சீல் செய்த பொருள், அதற்குள் தண்ணீர் போகாது. அதன் பக்கவாட்டில் இருக்கும், அதைக் கிளப்பிவிடும் ரிலேயும், அதிகம் சூடானால் நிறுத்தும் ஓவர்லோடும்தான் போயிருந்தன, மாற்றினோம். படுத்துக் கிடந்ததால் எண்ணெய் கம்ப்ரஸருக்குத் திரும்பி இறங்கட்டும் என்று ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போட்டோம். குளிர்கிறது. ஆனால் அடிப்பக்கத்தில் ஏதோ ஒரு இடுக்கில் தண்ணீர் புகுந்திருக்கிறது போல, என்ன கழுவினாலும் கதவைத் திறந்தால் ஒரு புழுங்கல் வாடை.

மைக்ரோவேவைத் திறக்கக்கூட அண்ணன் விடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெபாசிட்டரில் ஆளையே கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாமாம். ஏற்கெனவே துரு பிடித்திருந்தது, விட்டுவிட்டேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களையெல்லாம் யோசிக்காமல் தூக்கிப் போட்டேன். நனைந்த பவர் பேங்க் ஒன்றை மட்டும் காயவைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு அவர் பார்த்த பார்வையே போதும். லித்தியம் பேட்டரிக்குள் தண்ணீர் போயிருந்தால் நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும், வீட்டுக்கு வெளியே வை என்றார்.

இண்டக்‌ஷன் அடுப்பு போர்டை, சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் வைத்து நானே தேய்த்தேன். சூடாகிறது, ஆனால் கூட்டும் பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை, குறைக்க மட்டும்தான் முடியும்.

வாஷிங் மெஷின் இப்போது துவைக்கிறது. ஸ்பின்னுக்குப் போகும்போது மட்டும் ஊளையிடுகிறது, டிரம் பேரிங்கில் தண்ணீர் புகுந்து துரு பிடித்திருக்கும் என்கிறார் அண்ணன். அடுத்த வாரம் கழற்ற வேண்டும்.