கிருபை சொல்லும்போது

பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு, எங்கள் தென்னிந்தியத் திருச்சபை நாட்காட்டியில் திரித்துவ ஞாயிறு. ஆண்டு முழுவதிலும் குருவானவர்கள் மிகுந்த தயக்கத்தோடு பிரசங்க பீடம் ஏறும் நாள் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்த்தெழுதலுக்கும் எடுத்துச் சொல்ல ஒரு சம்பவம் உண்டு. இந்த ஞாயிற்றுக்கோ, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே தேவன் என்ற உபதேசம் மட்டுமே உண்டு. ஆகவே தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற பழைய உவமை மறுபடியும் எடுக்கப்படுகிறது. ஒன்று எப்படி மூன்றாகும் என்று சிறிது நேரம் கணக்குப் போடப்படுகிறது. பின்பு, இது மனித அறிவுக்கு எட்டாத இரகசியம் என்று சொல்லிப் பிரசங்கம் முடிக்கப்படுகிறது. கேட்டுவிட்டு வீடு திரும்புகிற விசுவாசி, இது வேதசாஸ்திரம் படித்தவர்களுக்கான விஷயம், நம் பிழைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தமக்குள் தீர்மானித்துக்கொள்கிறார்.

ஆனால் அந்த விசுவாசி ஞானஸ்நானம் பெற்றது பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே. அவருக்குத் திருமணம் நடந்ததும், அவருடைய பெற்றோர் அடக்கம் பண்ணப்பட்டதும் அந்த நாமத்திலே. எங்கள் திருநெல்வேலித் திருமண்டலத்தின் தலைமை ஆலயமாகிய, 1826இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் எழுப்பிய ஆலயத்துக்கே தூய திரித்துவப் பேராலயம் என்றுதான் பெயர். ஊரார் அதை ஊசிக்கோபுரம் என்றே அழைக்கிறார்கள். பஸ் கண்டக்டரிடம் திரித்துவப் பேராலயத்துக்கு டிக்கெட் கேட்டால் அவர் ஒரு கணம் யோசிக்கத்தான் செய்வார். எங்கும் எழுதியிருக்கிறது, எவரும் நின்று வாசிப்பதில்லை என்பதுதான் இந்த உபதேசத்தின் இன்றைய நிலை.

அதை நின்று வாசிப்பதற்கு மிகவும் ஏற்ற இடம் ஜெபம் என்று நான் கருதுகிறேன். குடும்ப ஜெபத்தில் ஒருவர் பிதாவை அழைத்துத் தொடங்குகிறார். நடுவில் உள்ளம் உருகி, "பிதாவே, எங்களுக்காகச் சிலுவையிலே மரித்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்கிறார். முடிவில் "இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே" என்று நிறைவு செய்கிறார். தொடக்கமும் முடிவும் சரியாக இருக்க, நடுவில் மட்டும் பிதாவானவர் சிலுவையில் ஏற்றப்பட்டுவிடுகிறார். இது நம் ஊர்ப் பேச்சுவழக்கில் மட்டும் நேரும் சறுக்கல் அன்று. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துத் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், பிதாவும் குமாரனும் ஒருவரேதான் என்று போதித்த பிராக்சேயா என்பவரைப் பற்றி, அவர் ஆவியானவரைத் துரத்திவிட்டுப் பிதாவைச் சிலுவையில் அறைந்தார் என்று கேலியாக எழுதினார். உருகி ஜெபிக்கிறவரை நிறுத்தித் திருத்த வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. பிள்ளைகளுக்கு "இயேசப்பா" என்று அழைக்கக் கற்றுக்கொடுப்பதிலும் எனக்குக் குறை காண மனமில்லை. தண்ணீர் உவமை எங்கே நம்மைக் கொண்டுபோய் விடுகிறது என்பதை மட்டுமே சுட்டுகிறேன். ஒரே தண்ணீர் மூன்று நிலைகளில் மாறி மாறி வருவதுபோல ஒருவரே மூன்று வேடங்களில் வருகிறார் என்றால், யோர்தானில் குமாரன் நீரில் நிற்கையில் புறாவைப்போல இறங்கியவர் யார், வானத்திலிருந்து பேசியவர் யார்? கெத்செமனேயில் முகங்குப்புற விழுந்து "என் பிதாவே" என்று இயேசு மன்றாடியது யாரிடம்?

கெத்செமனேயின் அந்த ஜெபம் உண்மையான ஜெபமாக இருந்தால், நாம் வாய் திறப்பதற்கு முன்பே தேவனுக்குள் ஓர் உரையாடல் இருக்கிறது என்றாகிறது. பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரம் இதைத்தான் வெகு நடைமுறையாகச் சொல்கிறது. ஏற்றபடி வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாது. ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார். பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிற கிறிஸ்துவும் நமக்காக வேண்டுதல் செய்கிறார். "அப்பா, பிதாவே" என்று நம்மைக் கூப்பிடப்பண்ணுகிறவரும் அந்த ஆவியானவரே. அப்படியானால் ஜெபிக்கிற மனிதன் பூட்டிய அரண்மனையின் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறவன் அல்லன். அவனுக்குள்ளிருந்து ஒருவர் வேண்டுகிறார், அவனோடு நின்று ஒருவர் பரிந்து பேசுகிறார், எதிரிலிருந்து ஒருவர் கேட்கிறார். இம்மூவரும் ஒரே தேவன். என் தாயார் அறுவைச் சிகிச்சை அறைக்குள் இருந்த நேரத்தில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு "ஆண்டவரே" என்ற சொல்லுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. அரைகுறையாக நின்றுவிட்ட அந்த ஜெபம் போதுமா என்ற கவலை அன்று எனக்கு எழாமல் போனதற்கு இந்த அதிகாரத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒற்றையாய்த் தனித்திருக்கும் ஒரு தெய்வத்திடம் மன்றாடுவதாக நினைத்திருந்தால், என் சொற்களின் எண்ணிக்கையையும் விசுவாசத்தின் அளவையும் நான் எடைபோட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

இந்த உபதேசம் பேராயர்கள் அறைக்குள் அமர்ந்து கண்டுபிடித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கை செய்த, பேராயர்களின் நிசேயா சங்கம் 325இல் கூடியது. ஆவியானவரும் பிதாவோடும் குமாரனோடும் கூடத் தொழப்படுகிறவர் என்ற அறிக்கை 381ஆம் ஆண்டின் கான்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தோடு சேர்ந்தது. இரண்டிலும் அரசாங்கத்தின் கை இருந்தது என்பதும் உண்மையே. ஆயினும் அந்த இரண்டாம் சங்கத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன், இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவின் செசரியாவில் பேராயராயிருந்த பசிலியுவின் மீது வந்த குற்றச்சாட்டைப் பாருங்கள். ஆராதனையில் "பிதாவுக்கு, குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும் கூட மகிமை" என்று அவர் சொன்னதைப் புதுமை என்று எதிர்த்தார்கள். அதற்கு அவர் வேதத்திலிருந்து நெடுக வாதாடிவிட்டு, கடைசியில் எளிய ஜனங்களைச் சாட்சிக்கு அழைக்கிறார். சாயங்கால விளக்கு ஏற்றும்போது நம் ஜனங்கள் பழைய நன்றி வார்த்தைகளைச் சொல்கிறார்களே, அவற்றை இயற்றியவர் யார் என்று தமக்குத் தெரியாது, ஆனால் அதில் அவர்கள் பிதாவையும் குமாரனையும் தேவனுடைய பரிசுத்த ஆவியையும் துதிக்கிறார்கள், அதை எவரும் அவபக்தி என்று எண்ணியதில்லை என்கிறார். விளக்கேற்றுகிற வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்த துதி, சங்கத்துக்கு முன்பே இருந்தது. சங்கம் அதற்குக் காவல் போட்டது, அவ்வளவுதான்.

இனி, நாம் "கிருபை" என்று அழைக்கிற வசனத்துக்கு வருகிறேன். எந்தக் கூட்டமானாலும் முடிவில் எழுந்து நின்று, கண்ணை மூடி, "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினுடைய கிருபையும், தேவனுடைய அன்பும், பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியமும்" என்று சொல்கிறோம். பாதிப் பேருடைய கால் அதற்குள் செருப்பைத் தேடத் தொடங்கியிருக்கும். எங்கள் சபையில், சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தைய கமிட்டிக் கூட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. சென்ற ஆண்டு ஆட்டுக்கறி வாங்கிய கணக்கில் பற்றாக்குறை எப்படி வந்தது என்று ஒரு பெரியவர் கேட்க, கணக்கு எழுதியவர் நோட்டை மேசையில் போட்டுவிட்டு எழுந்தார். இருபக்கமும் குரல் உயர்ந்தது. பழைய சபைத் தேர்தல் கதைகளெல்லாம் வெளியே வந்தன. ஒன்றும் தீராமலே நேரமாகிவிட, குருவானவர் "கிருபை சொல்லுவோம்" என்றார். முகம் பார்க்க மறுத்த அந்த இருவரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்தபடி, ஒரே இழுவையில், ஒரே இடத்தில் மூச்சு வாங்கி, அந்த வசனத்தைச் சொன்னார்கள்.

அன்று எனக்கு அது வெறும் பாசாங்காகப் பட்டது. ஆனால் பவுல் அந்த வசனத்தை எழுதியதும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் முழுவதும் மனத்தாங்கல். அவர் அப்போஸ்தலனா என்றே சந்தேகித்த சபை அது. நான் வரும்போது வாக்குவாதங்களும் புறங்கூறுதலும் இறுமாப்பும் கலகங்களும் இருக்குமோ என்று பயப்படுகிறேன் என எழுதிய கை, அடுத்த அதிகாரத்தின் முடிவில் இந்த ஆசீர்வாதத்தை எழுதுகிறது. வரிசையும் கவனிக்கத்தக்கது: பிதாவில் தொடங்காமல் கிறிஸ்துவின் கிருபையில் தொடங்குகிறது. ஒருவரையொருவர் பொறுக்க முடியாதவர்கள் தேவனுடைய அன்புக்குள் நுழைய வேறு வாசல் இல்லை. ஐக்கியம் கடைசியில் வருகிறது. அது அவர்கள் கைவசம் வைத்திருக்கும் பொருளாக அல்ல, ஆவியானவருடையதாகவே சொல்லப்படுகிறது. திருமண்டலத் தேர்தல்களும் அவற்றைத் தொடர்ந்து நீதிமன்றப் படியேறுவதும் நமக்குப் பழகிப்போன இந்தக் காலத்தில், அந்தக் கடைசிப் பகுதியை நான் ஒவ்வொரு முறையும் சற்றுக் கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.

கூச்சப்பட இதைவிடப் பெரிய காரணமும் எங்கள் மாவட்டத்திலேயே உண்டு. வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டபோது, வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் காணாமல் பூசை காணும்படி இரண்டு கூடங்களாக, நடுவில் சுவரோடு அமைந்தது. பீடம் ஒன்று, வாசல்கள் வேறு. சுவரின் இரண்டு பக்கத்திலும் ஜனங்கள் நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் சிலுவை அடையாளம் வரைந்து, தந்தை மகன் தூய ஆவியின் பெயரைச் சொன்னார்கள். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த நாம் இதைப் பிறர் கதையாகச் சொல்லித் தப்ப முடியாது. கண்ணுக்குத் தெரியும் சுவர் கட்டாமலே கல்லறைத் தோட்டத்திலும் பெண் பார்க்கும் இடத்திலும் நாம் அதையே செய்துகொண்டிருக்கிறோம். கீழ்ப்படிகிறவன் தாழ்ந்தவன், பணிவிடை செய்கிறவன் குறைந்தவன் என்பது நம் சமுதாயத்தின் ஊறிப்போன கணக்கு. குமாரன் பிதாவுக்குக் கீழ்ப்படிகிறார், ஆயினும் பிதாவுக்கு எவ்விதத்திலும் குறைந்தவர் அல்லர் என்று ஞாயிறுதோறும் அறிக்கை செய்கிற சபை, அந்தக் கணக்கைத் தன் பந்தி வரிசையில் ஏற்றுக்கொண்டால், அறிக்கையை வாயால் சொல்லி நடத்தையால் மறுதலிக்கிறது.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஒரு கேள்வியாக வந்தது. ஆவியானவரிடம் நேராக ஜெபிக்கலாமா என்று என் மகள் கேட்டாள். புதிய ஏற்பாட்டில் ஜெபங்கள் பெரும்பாலும் பிதாவை நோக்கியே ஏறுகின்றன. கல்லெறியப்பட்ட ஸ்தேவான் "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்று குமாரனை அழைத்தான். ஆவியானவரை நேராக விளித்த ஜெபம் அங்கே காணப்படுவதில்லை என்றாலும், அவர் கூடத் தொழப்படுகிறவர் என்று அறிக்கை செய்யும் திருச்சபை அவரை "வாரும்" என்று அழைத்துப் பாடுகிறது, ஆகவே தாராளமாக ஜெபிக்கலாம் என்று விளக்கினேன். அன்று இரவு அவள், மறுநாள் கணக்குப் பரீட்சைக்காக முதலில் பிதாவிடமும், பின்பு குமாரனிடமும், எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியில் ஆவியானவரிடமும் தனித்தனியே விண்ணப்பம் வைத்தாள். அதைத் திருத்தும் பொறுப்பை அவளுடைய ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைக்கு விட்டிருக்கிறேன்.