சான் லாசரோவிலிருந்து தாள் வரும்வரை

அக்டோபர் 25, 2017
எச்.ஐ.வி. சோதனை. இன்னும் 'பாசிட்டிவ்' இல்லையாம், 'ரியாக்டிவ்' மட்டும்தானாம், அதாவது முதல் சோதனையில் காட்டுகிறது, இன்னும் உறுதியில்லை. உறுதிப்படுத்த ரத்தம் மணிலாவின் சான் லாசரோ ஆய்வகத்துக்குப் போகிறது. "இரண்டு மூன்று வாரம் ஆகும் தம்பி, நன்றாகச் சாப்பிடு" என்றார் கிளினிக் அக்கா.

அக்டோபர் 26
ஆர்த்திகாஸ் ஆபீஸில் நைட் ஷிப்ட். யாரிடம் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை.

அக்டோபர் 29
தூக்கமில்லை. டொல்சுரா கோர்தெஸ் ஞாபகம்தான். எய்ட்ஸ் இருப்பதை முகம் காட்டிச் சொன்ன முதல் பிலிப்பினோ. 1992-லேயே போய்விட்டார். மறு வருடம் அவர் கதை படமாக வந்தது, வில்மா சாந்தோஸ் நடித்தது. எனக்கு ஐந்து வயது. அம்மா மடியில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவின் கண்ணீர் என் கழுத்தில் சொட்டியது. எனக்காகவும் அப்படி அழுவாளா? இல்லை, தட்டைத் தனியாக எடுத்து வைப்பாளா?

நவம்பர் 1
லிபா, அம்மா ஊர். பாட்டி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். தாகம் என்று அம்மா என் தண்ணீர் பாட்டிலை வாங்கி வாய் வைத்துக் குடித்தாள். எச்சிலில் பரவாது. நன்றாகத் தெரியும். ஆனாலும் பிடுங்கப் போனேன். ஏன்டா என்று பார்த்தாள்.

நவம்பர் 4
எடை பார்த்தேன். நேற்றைய எடைதான்.

நவம்பர் 7
நாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 30 பேருக்குப் புதிதாக உறுதியாகிறது. லிஃப்டில் நின்றவர்களை எண்ணினேன்.
மூன்று வருடமாக மாத்திரை போடும் நண்பனைப் பார்த்தேன். மருந்து இலவசம், இரவு ஒன்று, கனவுதான் ஜாஸ்தி என்றான். கன்னம் உப்பியிருக்கிறது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இந்த வைத்தியம் 1996-ல்தான் வந்தது. நாலே வருடம், டொல்சுரா.

நவம்பர் 13
ஆசியான் மாநாடு. 15 வரை விடுமுறை, கிளினிக்கும் கிடையாது. எட்சா நெடுஞ்சாலையில் தலைவர்களின் கார்களுக்குத் தனிப்பாதை. என் தாள் எந்த மேஜையில் கிடக்கிறதோ.

நவம்பர் 14
போனில் கேட்டேவிட்டேன். வில்மா படத்தில் ஏன் அப்படி அழுதாய் அம்மா?
"அழுதேனா? நீ தூங்கிவிட்டாய். உன்னைத் தூக்கிக்கொண்டு ஜீப்னி ஏறினேன், தோள் விட்டுப்போனது. அதுதான் ஞாபகம்."
அப்புறம், "ஏன் இப்போது கேட்கிறாய்?"
சும்மா என்றேன்.

நவம்பர் 16
தாள் வந்துவிட்டது, நேரில் வரச் சொல்லிக் குறுஞ்செய்தி. அம்மாவும் பஸ் ஏறிவிட்டாளாம், சும்மா பார்க்கத்தானாம். இங்கே புவெந்தியா பஸ் நிலையத்தில் இறங்க மதியம் ஆகும். கிளினிக் அதற்குள் முடியுமா, அல்லது அவளையும்