எடிட்டிங் டேபிளிலிருந்து டெல்லி கணேஷ்

மெகா தொடர்களுக்கு எடிட்டிங் செய்கிறவன் நான். நடிகர் பேசும்போது எப்படி நடிக்கிறார் என்பதை ஊரே பார்க்கும். பேசாதபோது என்ன செய்கிறார் என்பதை நாங்கள்தான் பார்ப்போம்.

தொடர்களில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை வரி வரியாக எடுத்துக் கொடுப்பார். ஸ்பாட்டில் பதிவான ஒலியில் அந்தக் குரலும் எங்களுக்குக் கேட்கும். மகள் அழுதுகொண்டிருப்பாள், அப்பாவின் கண்ணோ மெல்ல அந்தக் குரல் வரும் பக்கம் நழுவும். மகள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறியிருக்காது. நாளைக்கு டெலிகாஸ்ட், ரியாக்‌ஷன் கட்டாயம் வேண்டும். என்ன செய்வது? 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால் அவர் சும்மா நின்ற ஒரு வினாடியை எடுத்து ஒட்டுவோம். வீட்டில் பார்ப்பவர்கள், "என்னமா நடிக்கிறார்!" என்பார்கள்.

நாடகத்திலிருந்து வந்தவர்களிடம் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருப்பதில்லை. எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்காவிட்டால் மேடையில் அடுத்த வரியே வராது. டெல்லி கணேஷின் காட்சி எதுவும் என் டேபிளுக்கு வந்ததில்லை. ஆனாலும் அவர் படங்களைப் பார்க்கும்போது தொழில் புத்தி சும்மா இருப்பதில்லை. வல்லநாட்டுக்காரர். 1964 முதல் 1974 வரை விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடிப்பு. கே. பாலசந்தர் 'பட்டினப் பிரவேசம்' படத்தில் அறிமுகப்படுத்தி, பெயருக்கு முன்னால் டெல்லியையும் சேர்த்துவிட்டார்.

'நாயகன்' (1987) படத்தில் வேலு நாயக்கருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஐயர். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் வில்லன்களில் ஒருவர். அடுத்த வருஷமே 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டு மணி ஐயர். மூன்றிலும் எதிரே நிற்பது கமல்ஹாசன்தான். ஒருமுறை விசுவாசி, ஒருமுறை எதிரி, ஒருமுறை வளர்ப்பு அப்பா. கெட்டப்பை மாற்றினால்தான் பன்முக நடிகர் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. இவர் மாற்றியது பெரும்பாலும் வேகத்தைத்தான். மணி ஐயர் பதறுகிற பதற்றத்தில் கால்வாசிகூட நாயக்கரின் ஐயரிடம் கிடையாது.

சின்னத்திரைக்கும் வந்தார். அங்கே குணச்சித்திர நடிகர்களுக்கு மாதத்தில் சில நாள்தான் கால்ஷீட். அதனால் பல காட்சிகளின் ரியாக்‌ஷனை ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். மகள் இருக்க வேண்டிய இடத்தில் வசனப் பேடும் கையுமாக உதவி இயக்குநர் நிற்பார். அவரைப் பார்த்து மகள் என்று கலங்க வேண்டும். சினிமாவில் பேர் வாங்கிய எத்தனையோ பேர் இங்கே திணறியிருக்கிறார்கள்.

400 படங்களுக்கு மேல் நடித்தவர், 2024 நவம்பரில் தமது 80ஆவது வயதில் காலமானார். அன்றைக்கு எனக்கு வந்த ஃபார்வர்டுகள் எல்லாம் காமெடிக் காட்சிகள். சரி, அவையும் நல்லவைதான். என்னைக் கேட்டால் 'சிந்து பைரவி' (1985) குருமூர்த்தியைத்தான் முதலில் சொல்வேன். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்து, கதாநாயகனான பாடகர் ஜே.கே.பி.யிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் மிருதங்க வித்வான். திட்டு வாங்குகிறவனுக்கு வசனம் அதிகம் இருக்காது. அவன் முகம் வெறுமனே இருந்தால், திட்டுகிறவர் முகத்தையே திரும்பத் திரும்பக் காட்டி ஒப்பேற்ற வேண்டியதுதான். அந்தப் படத்தின் எடிட்டருக்கு அப்படியொரு கஷ்டம் இருந்திருக்காது.