ரீச்சர் திருத்திய சப்போர்ட் பிளான்

2022இல் கேரர் விசாவில் திருநெல்வேலியிலிருந்து லண்டன் வந்தேன். இரண்டு வருடம் வீடு வீடாகப் போய்க் குளிக்க உதவி, உடை மாற்றி, மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. பிறகு சீனியர் கேரர் ஆக்கினார்கள். கூடவே சப்போர்ட் பிளான் எழுதும் பொறுப்பும் வந்தது. நான் எழுதிய முதல் பிளானைப் பற்றித்தான் இது. நான்கு முறை எழுத வேண்டியிருந்தது.

தெரியாதவர்களுக்காக: ஒருவருக்கு என்ன உதவி, யார், எந்த நேரத்தில், எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி, வீட்டில் ஒரு ஃபோல்டரிலும் கேரர்களின் போன் ஆப்பிலும் வைத்திருப்பதுதான் சப்போர்ட் பிளான். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் கேர் ஆக்ட் சட்டப்படி கவுன்சில் (உள்ளூராட்சி) முதலில் தேவையை மதிப்பிட்டு ஒரு திட்டம் போடும். அதை வைத்து, கேரர்களை அனுப்பும் ஏஜென்சி விரிவான பிளான் எழுதும். எனக்கு வந்த கவுன்சில் தாளில் "காலை 45 நிமிடம், பெர்சனல் கேர்" என்பதோடு விஷயம் முடிந்திருந்தது. அந்த 45 நிமிடத்துக்குள் ஒரு மனுஷியின் உடம்பை யார் எப்படித் தொடுவது என்பதை நான்தான் எழுத வேண்டும்.

அவருக்கு 81 வயது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலமிழந்துவிட்டன. சர்க்கரையும் உண்டு. "தமிழ்க் குடும்பம், நீயே எழுது" என்று மேனேஜர் கொடுத்தார். நம்மவர்தானே, சுலபமாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் மகள்தான் பதில் சொன்னார். நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். தமிழ்ப் பெண் கேரர் வேண்டும், வெள்ளிக்கிழமை தலைக்குக் குளியல், அன்றைக்குச் சைவச் சாப்பாடு, காலையில் குளித்த பிறகே காப்பி என்றெல்லாம் எழுதினேன். இதில் பாதி மகள் சொன்னதுகூட இல்லை. எங்கள் ஆச்சி வீட்டு வழக்கத்தை அப்படியே இறக்கி வைத்திருக்கிறேன்.

மேனேஜர் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதில் எந்த வரி அவர் வாயிலிருந்து வந்தது?" எண்ணிப் பார்த்தேன். இரண்டு. "மகள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத் திரும்பப் போ" என்றார்.

2005ஆம் ஆண்டின் மென்டல் கப்பாசிட்டி ஆக்ட் சொல்கிற முதல் விஷயம், வயதுவந்த ஒருவரால் தன் காரியத்தில் முடிவெடுக்க முடியும் என்று நம்பியே தொடங்க வேண்டும் என்பது. பயிற்சி வகுப்பில் இதை மனப்பாடமாகவே சொல்வேன். ஆனால் அவருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நீண்ட அமைதி. அந்த அமைதியை மகள் பாசத்தில் நிரப்பினார், நான் அவசரத்தில் நிரப்பினேன். இரண்டாம் முறை போனபோது பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"அம்மா" என்று ஆரம்பித்தேன். "நான் உங்கட அம்மா இல்லைப் பிள்ளை. ரீச்சர் எண்டு கூப்பிடுங்கோ" என்றார். மற்றக் கேரர்கள் 'டார்லிங்' என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. 'மிஸஸ்' போட்டுக் குடும்பப் பெயர் சொல்ல வேண்டும். பிளானின் முதல் வரி அன்றைக்குத்தான் கிடைத்தது.

ரீச்சர் கிறிஸ்தவர். வெள்ளிக்கிழமைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஞாயிறு சேர்ச்சுக்குப் போக வேண்டும் என்பதால் சனிக்கிழமை மாலை "தோயவேணும்". எனக்கு அந்தச் சொல்லே பிடிபடவில்லை, துணி தோய்ப்பது என்று எடுத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத் தமிழில் தோய்தல் என்றால் தலையோடு குளிப்பது. மற்ற நாட்களில் மேல் கழுவினால் போதும், அதுவும் இரவில். இரவு மேல் கழுவாமல் படுத்தால் நித்திரை வராது. காலையில் முதலில் பால்தேத்தண்ணி, அதாவது பால் விட்ட டீ.

அடுத்ததைச் சொல்ல அவருக்கு வெகு நேரம் ஆனது.

"கழுவிறதுக்குத் தமிழ்ப் பிள்ளையளை அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில அந்தப் பிள்ளையின்ர தாயைக் காணுவன். அவவின்ர முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

"நானும் தமிழ்தானே ரீச்சர்?"

"நீங்கள் எழுதுங்கோ. கழுவ வேண்டாம்."

எங்கள் ஏஜென்சியில் தமிழ் முதியவர்களுக்குத் தமிழ்க் கேரரைத் தேடிப் பிடித்து அனுப்புவதைப் பெரிய நல்ல காரியமாக நினைத்திருந்தோம். பலருக்கு அது நல்லதுதான். ரீச்சருக்கு அது அவமானம். மகளிடம் இதைச் சொல்லலாமா என்று அவரிடமே அனுமதி கேட்டுச் சொன்னேன். மகள் அழுதுவிட்டார். அம்மாவோடு தமிழில் பேச ஆள் வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. கடைசியில் மதியம் சாப்பாடு கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கத் தமிழ்ப் பெண், கழுவுவதற்குத் தமிழரல்லாத பெண் கேரர் என்று பிரித்தோம்.

இன்னொன்று. கழிப்பறைக்குப் போனால் தண்ணீரால் கழுவ வேண்டும் என்று நானே எழுதியிருந்தேன், அது சரிதான். ஆனால் கழுவும் கை இடது கை. அது இப்போது வேலை செய்யவில்லை. சாப்பிடும் கையால் கழுவ வேண்டியிருக்கிறதே என்ற வேதனையில் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறார், போக வேண்டிய தேவையே வரக்கூடாது என்று. கேரர்கள் தினமும் எழுதும் டெய்லி நோட்ஸில் "குறைவாகக் குடிக்கிறார்" என்று பல நாள் பதிவாகியிருந்தது. ஏன் என்று யாரும் எழுதவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு அது ஆபத்து. அன்றாட வேலைகளை அவரவரே செய்ய வழி காட்டும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கேட்டபோது, கையில் பிடித்து அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் போத்தல் ஒன்றைக் காட்டினார். வலது கையால் போத்தலைப் பிடித்தால் போதும், கை உடம்பில் படாது. கமோடின் வலப் பக்கம் வெதுவெதுப்பான தண்ணீரோடு அதை எப்போதும் நிரப்பி வைக்க வேண்டும் என்று பிளானில் தடித்த எழுத்தில் போட்டேன். கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது அதற்கடுத்த வரி. விழுந்துவிடுவாரே என்று கேரர் வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது, மானம் காக்கிறேன் என்று வெளியே போய்விடவும் கூடாது.

ஆளை மையமாக வைத்துத் திட்டமிடுவதைப் பற்றிப் பேசிய மைக்கேல் ஸ்மல் போன்றவர்கள் பரப்பிய ஒரு முறை உண்டு. ஒருவர் தனக்கு முக்கியம் என்று நினைப்பவை ஒரு பக்கம், அவருடைய நலனுக்கு முக்கியமானவை மறுபக்கம் என்று எழுதிப் பார்ப்பது. என் முதல் பிளானில் இரண்டாவது பக்கம் மட்டும்தான் சரியாக நிறைந்திருந்தது, முதல் பக்கத்தில் இருந்தது எங்கள் ஆச்சி வீட்டு வழக்கம். இரண்டாவது பக்கம் தேவையில்லை என்று சொல்லவில்லை. சட்டை போடும்போது பலமில்லாத இடது கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இடது பக்கம் உணர்ச்சி குறைவு என்பதால் தண்ணீர்ச் சூட்டை வலது கையால் பார்க்கச் சொல்ல வேண்டும், எப்படியும் 44 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கால்விரல் இடுக்கில் ஈரம் துடைக்க வேண்டும், அங்கே க்ரீம் பூசக் கூடாது. குதிகாலிலோ இடுப்பின் அடியிலோ சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காவிட்டால் அன்றைக்கே நர்ஸுக்குச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் இல்லாத பிளான் பிளானே அல்ல. இதே நோய் உள்ள யாருக்கும் இவை பொருந்தும், ரீச்சரை ரீச்சராகக் காட்டும் வரிகள் வேறு.

அவரால் முடிந்ததை முதலில் எழுதுவதும் இரண்டாம் முறைதான் கற்றேன். முகம், கழுத்து, மார்பு, வலது தொடை வரை அவரே கழுவுவார். கேரர் முதுகும் கால்களும் மட்டும். "உதவி தேவை" என்று பொதுவாக எழுதியிருந்தால் அவசரத்தில் வரும் கேரர் பத்து நிமிடத்தில் மொத்தத்தையும் செய்து முடித்துவிடுவார், அவருடைய கைக்கும் வேலை போய்விடும்.

இரவில் மேல் கழுவ, மாலையில் இருந்த 30 நிமிடம் போதாது. காலை நேரத்தையும் மாலை நேரத்தையும் மாற்றித் தரக் கேட்டு கவுன்சிலின் சோஷியல் வொர்க்கருக்கு எழுதினேன். ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. ஆனாலும் மூன்று வாரம் ஆனது. அதுவரை ஒவ்வொரு இரவும் மேல் கழுவாமல்தான் படுத்தார். அந்த மூன்று வாரம் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

சில ஏஜென்சிகளில் பிளானை "நான் விரும்புகிறேன்", "எனக்குப் பிடிக்கும்" என்று எழுதச் சொல்கிறார்கள். அந்த வார்த்தை அவர் சொன்னதாக இருந்தால் சரி. ஆபீஸில் உட்கார்ந்து நாமே அவர் வாயில் போடுவதை நான் ஏற்கவில்லை. ரீச்சர் சொன்னதை மட்டும் மேற்கோள் குறிக்குள் வைத்தேன், மீதியை என் வார்த்தையாகவே எழுதினேன்.

மூன்றாம் பிரதியை அச்செடுத்துக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டலாம் என்று போனேன். "தாங்கோ, நான் வாசிக்கிறன்" என்று வாங்கிக்கொண்டார். சிவப்புப் பேனா கேட்டார். ஒரு மணி நேரம் ஆனது. ஆங்கிலத்தில் நான் விட்ட பிழைகள் எல்லாம் திருத்தப்பட்டன. "மதிய உணவுக்குப் பின் படுக்க மறுக்கிறார்" என்ற பொருளில் 'ரெஃப்யூசஸ்' என்று எழுதியிருந்தேன். அதை அழுத்தி வெட்டினார்.

"மறுக்கிறது எண்டா நீங்கள் சொன்னதை நான் கேட்க வேணும் எண்டு அர்த்தம். எனக்கு விருப்பமில்லை. அப்பிடி எழுதுங்கோ."

இப்போது வேறு வீடுகளுக்கு எழுதும்போதும் அந்தச் சொல்லைப் போடுவதில்லை. டெய்லி நோட்ஸில் யாராவது போட்டிருந்தால் கூப்பிட்டு, அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்கிறேன்.

ஆறு வாரம் கழித்து மறுபார்வைக்குப் போனோம். மகளும் இருந்தார், ஆனால் இந்த முறை அவரும் காத்திருந்தார். தண்ணீர் குடிப்பது பழையபடி ஆகியிருந்தது. ரீச்சருக்கு ஒரே ஒரு குறை: ஞாயிறு காலை வரும் புதுக் கேரர் சேர்ச்சுக்கு உடுத்தும் சேலையின் சேஃப்டி பின்னை இடது தோளில் குத்துகிறார், அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு என்பதால் தோலில் பட்டாலும் அவருக்குத் தெரியாது. ரவிக்கைக்கும் தோளுக்கும் நடுவே விரலை வைத்துக்கொண்டு பின்னைக் குத்த வேண்டும் என்று அவரே செய்து காட்டினார். அதைப் படம் வரைந்து சேர்த்தேன். அது நான்காம் பிரதி.