டுபினா தேவாலயத்தின் விண்மீன் கூரை: மூன்றாவது முயற்சி

டெக்சாஸின் ஃபயட் கவுண்டியில் உள்ள டுபினா என்னும் சிற்றூரின் புனித சிரில், மெத்தோடியஸ் தேவாலயத்தை 1:48 அளவில் சிறு மாதிரியாகச் செய்துவருகிறேன். இரண்டு உட்கூரைகள் வீணான பிறகு, மூன்றாவது சென்ற ஞாயிறன்று தேறியது.

சிக்கல் முழுவதும் நட்சத்திரங்களில்தான் இருந்தது. வானநீலக் கூரையில் பொன்னிற நட்சத்திரங்கள். என் மாதிரியில் ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர். முதல் கூரையை வளைத்து ஒட்டிய பிறகு ஸ்டென்சிலை (நட்சத்திர வடிவம் வெட்டிய அச்சுத்தகட்டை) வைத்தபோது, அது வளைவில் படியாமல் வண்ணம் கசிந்து, நட்சத்திரங்கள் வெறும் பொட்டுகளாயின. இரண்டாவதைத் தட்டையாக வைத்துப் பதித்துவிட்டு வளைத்தேன். பொன்வண்ணம் மயிரிழையாக வெடித்தது. இம்முறை அட்டையின் இழையோட்டம் கூரையின் நீளவாக்கில் அமையும்படி வெட்டி, நீராவியில் காட்டி, பிவிசி குழாயில் சுற்றி இரவு முழுவதும் கட்டிவைத்து வளைவைப் பழக்கிய பின்னரே, விரித்துப் பலகையில் ஒட்டிப் பதித்தேன். ஸ்பாஞ்சில் தொட்ட வண்ணத்தைக் காகிதத்தில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில், இழுக்காமல் நேர்குத்தாக மூன்று முறை தட்ட வேண்டும். ஐந்து நட்சத்திரங்களுக்கு ஒருமுறை ஸ்டென்சிலின் அடிப்பக்கத்தைத் துடைக்காவிட்டால் ஆறாவது நிச்சயம் கெடும்.

அச்சிட்டு ஒட்டிவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 1856இல் மொராவியாவிலிருந்து வந்த செக் குடும்பங்கள் அமைத்த ஊர் அது. பெயருக்கே ஓக் தோப்பு என்று பொருள். 1909 புயலில் பழைய தேவாலயம் அழிந்தது, 1912 தீயில் ஊரின் பெரும்பகுதி போயிற்று. புதிய தேவாலயத்தின் ஓவியங்கள்மீது 1950களில் வெள்ளை பூசப்பட்டது. 1980களில் அவற்றை மீண்டும் வரைந்தார்கள். அப்படி மீட்ட நட்சத்திரங்களை நானும் கையால்தான் பதிக்க வேண்டும்.

சுவர்களுக்கான பேஸ்வுட் என்னும் மென்மரப் பலகையை இணையக் கடையொன்று இருமுறையும் கோணலாகவே அனுப்பியது. இப்போது நேரில் சென்று, கண்ணாடிமேல் வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

முன்னாள் அடிமையான டாம் லீ செய்த இரும்புச் சிலுவை 1909 புயலுக்குத் தப்பி, இன்றும் கோபுர உச்சியில் நிற்கிறது. அதை 0.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் பற்றவைக்கப் போகிறேன். அருகிலுள்ள 1885ஆம் ஆண்டு பியானோ பாலத்துக்கும் வரைபடம் தொடங்கிவிட்டேன். ஆயினும், பீடத்தின் மேலுள்ள கூரைப்பகுதியில் இன்னும் நாற்பது நட்சத்திரங்கள் பதிக்க வேண்டியிருக்கிறது.