தண்ணி நோட்டு

நவம்பர் 10, 2025, திங்கள்

கேரள உள்ளாட்சித் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். பாலக்காடு மாவட்டத்துக்கு டிசம்பர் 11. சாயங்காலமே கட்சிக்காரர் மூன்று பேர் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் வார்டு இந்த முறை பெண்கள் வார்டு. "நீங்கதான் நிக்கோணும்ங்க அக்கா. குடும்பஸ்ரீல இத்தனை வருஷமா இருக்கறீங்க, எல்லா ஊட்டுக்கும் தெரிஞ்ச மொகம்" என்றார்கள். காபி குடித்து முடித்த பிறகு, மூவரில் மூத்தவர் மட்டும் கொஞ்சம் இழுத்தார். "ஆனா, நிர்வாக அனுபவம்னு பாத்தா ஒண்ணுமில்லீங்களே."

பதினெட்டு வருடமாக அயல்கூட்டம் நடத்துகிறேன். குடும்பஸ்ரீ என்கிற கேரள சர்க்காரின் பெண்கள் திட்டத்தில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் சேரும் குழு அது. அதற்கு என்ன பெயர் என்று கேட்க வாய் வந்தது. வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். (அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. எனக்கு ஒரு ராத்திரி வேண்டியிருந்தது.)

நவம்பர் 11

கோவையில் படிக்கும் அண்ணன் மகனிடம் போனில் சொன்னேன். சிரித்தான். "அத்தை, ஒபாமாவையே இதைச் சொல்லித்தான் கேலி பண்ணினாங்க."

1985-லிருந்து மூன்று வருடம் சிகாகோவின் தெற்குப் பகுதியில் அவருக்கு இதுதான் வேலையாம். ஏழைகளின் குடியிருப்பில் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டுவது, அங்கே வீடுகளில் இருந்த, நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸை எடுக்கச் சொல்லி அதிகாரிகளை நெருக்குவது. 2008-ல் துணை ஜனாதிபதி பதவிக்கு எதிரணியில் நின்ற சாரா பேலின், ஒரு சிற்றூரின் மேயராக இருந்தவர். மேயருக்காவது பொறுப்பு என்று ஒன்று உண்டு, இவருக்கு என்ன இருந்தது என்று மேடையிலேயே குத்தினாராம்.

எங்கள் கணக்கில் சொன்னால் பஞ்சாயத்து பிரசிடென்ட் ஏ.டி.எஸ். (வார்டிலுள்ள அயல்கூட்டங்களின் கூட்டமைப்பு) செயலாளரைப் பார்த்துக் கேட்ட கேள்வி. கேட்டபோது கோபம் வந்தது. படுத்த பிறகு வேறொன்று உறுத்தியது. ஒபாமா அந்த வேலையிலிருந்து நேராக நாற்காலிக்குப் போகவில்லை. 1988-ல் சட்டம் படிக்கப் போனார். மாநில செனட்டுக்கு ஜெயித்தது 1996-ல். ஆள் கூட்டத் தெரிந்தால் மட்டும் போதாது என்று அவருக்கும் பட்டிருக்குமோ?

நவம்பர் 13

பரணில் எதையோ தேடப்போய் 2017-ஆம் வருடத்துத் தண்ணி நோட்டு கிடைத்தது.

அது கேரளம் முழுக்க வறட்சி வந்த கோடை. இங்கே மலை மறைவில் மழை எப்போதும் குறைவுதான், அந்த வருடம் கிணறு, போர்வெல் எல்லாமே கையை விரித்துவிட்டன. பஞ்சாயத்து லாரி எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கும் வரும். குடத்தை வைத்துவிட்டுப் போனால் திருட்டுப் போகிறதென்று ஆளுக்கொரு கல்லை வைத்து இடம் பிடித்தோம். மேலத்தெரு அக்கா ஒருத்தி ஐந்து கல் வைப்பாள். கேட்டால் கல்லுக்கு மேல் பேச்சு கனமாக வரும்.

முதல் வாரம் கூட்டம் போட்டுக் கத்தினேன். பத்துப் பேர் வந்தார்கள், பத்துப் பேரும் ஏற்கனவே ஒழுங்காக வரிசையில் நிற்பவர்கள். அப்புறம்தான் உறைத்தது, கூட்டத்துக்கு வராதவர்கள் வீட்டுக்கல்லவா நான் போயிருக்க வேண்டும்? போனேன். ஐந்து கல்காரி வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், மூன்று மாடு. அவள் பேராசைக்காரி என்று ஊரே முடிவு கட்டியிருந்தது, நானும்தான். நோட்டை அவள் கையில் கொடுத்து, "இனி நீங்கதான் கணக்கு எழுதோணும்" என்றேன். ஊர் என்னைத் திட்டித் தீர்த்தது. மறுநாளிலிருந்து அவள் தன் வீட்டுக்கு எழுதியது நான்கு குடம். மாட்டுக்கு? கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். இரண்டு மாட்டை விற்றுவிட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. அதை நினைத்தால் இன்றும் சங்கடம்தான். நோட்டில் மாட்டுக்கென்று ஒரு பத்தி போட எனக்குத் தோன்றவேயில்லையே.

நிர்வாக அனுபவம் இல்லை என்றால் எப்படி? இதோ, தவறு உட்பட 64 பக்கத்துக்கு இருக்கிறது.

நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

அம்மா வீடு போகும் வழியில் பிளாச்சிமடை. பழைய கொக்கோ கோலா கம்பெனி கேட்டைத் தாண்டும்போதெல்லாம் மயிலம்மா ஞாபகம் வரும். 2002 ஏப்ரல் 22-ல், நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுகிறார்கள் என்று ஆதிவாசிகள் அந்தக் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார ஆரம்பித்தார்கள், முன்னால் நின்றவர்களில் அவர் முக்கியமானவர். எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. 2007-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனால் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது, பேசுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். 2000-ல் கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்ததும் பெருமாட்டி பஞ்சாயத்துதான், 2003-ல் புதுப்பிக்க மாட்டோம் என்றதும் அதே பஞ்சாயத்துதான். நடுவில் அந்தப் பந்தல் இருந்தது. பந்தல் மட்டும் இருந்து, பிரசிடென்ட் கிருஷ்ணன் தலைமையில் அந்தத் தீர்மானம் வராமல் போயிருந்தால்? சுப்ரீம் கோர்ட்டு வரை இழுபட்ட வழக்கில் நிற்க ஒரு காகிதம் வேண்டியிருந்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது.

மூணாறையும் யோசித்தேன். 2015-ல் போனஸுக்காகத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், நம் ஆட்கள், யூனியன் தலைவர்களை அண்டவிடாமல் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெண்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர். அந்த நவம்பரிலேயே தேர்தலில் நின்று கோமதி பிளாக் பஞ்சாயத்துக்கு ஜெயித்தார். கொஞ்ச காலத்தில் அமைப்பு உடைந்துபோனது. எதிர்த்து உட்காரும்போது எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்காரலாம். கமிட்டியில் எதிரெதிரே அல்லவா உட்கார வேண்டும்.

நவம்பர் 20

மனு கொடுத்தாயிற்று. கையெழுத்து தமிழில்.

நவம்பர் 30, ஞாயிறு

காலில் வெடிப்பு. 140 வீடு முடிந்தது. கிராம சபை என்றால் நாற்காலியை நிரப்புவது எப்போதும் எங்கள் அயல்கூட்டத்துப் பெண்கள்தான், கூட்டம் செல்லுபடியாக வேண்டிய ஆள் கணக்கே நாங்கள். அதனால் ஒரு வீட்டிலும் என்னை யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. மலையாளத்தில் வரும் சர்க்குலரைத் தமிழில் வாசித்துக் காட்டுகிறவள் என்றால் கிழவிகளுக்கும் தெரியும்.

வாய்க்கால் மேட்டு வீட்டில் ஓலை மாற்றி நாலு வருடமிருக்கும். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வாட்டி லைஃப் வீடு எனக்குத்தானுங்க அக்கா?" (லைஃப் என்பது வீடில்லாதவர்களுக்கான கேரள சர்க்கார் திட்டம்.) இதே பெண்ணுக்காக நான் மூன்று முறை மனு எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இல்லையென்று வந்தபோது, "பஞ்சாயத்துல தரமாட்டேங்கறாங்க" என்று அவளோடு சேர்ந்து திட்டியிருக்கிறேன். அது எத்தனை சௌகரியம் என்று இன்று தெரிந்தது. இவளை மாதிரி இன்னும் பத்து வீடு இந்த வார்டிலேயே இருக்கிறது. வருகிற வீடு இரண்டோ மூன்றோ. பாக்கிப் பேரிடம் இல்லையென்று சொல்லப்போகிறவள் நான். பதினெட்டு வருடத்தில் கேட்கத்தான் பழகியிருக்கிறேன். கட்சிக்காரர் இழுத்த இழுப்பில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கிறது, அவருக்கே அது தெரிந்திருக்காது.

"முயற்சி பண்றேன்" என்றேன். நானும் மற்றவர்கள் மாதிரியே பேசுகிறேன் என்று பக்கத்தில் வந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

டிசம்பர் 11

ஓட்டுப் போட்டேன். காலையில் பனி, மத்தியானம் நல்ல கூட்டம். ஐந்து கல்காரி வரிசையில் முதலாவதாக நின்றாள்.

டிசம்பர் 13, சனி

37 ஓட்டில் ஜெயித்தேன். மாலை, பட்டாசு, பாயசம் எல்லாம் முடிந்து எட்டு மணிக்குத்தான் உட்கார்ந்தேன். போன் அடித்தது. மேலத்தெரு அக்கா. வாழ்த்து எதுவுமில்லை. "பைப்பு ஒடஞ்சு தண்ணி ரோட்ல ஓடுது."

"சரிங்க அக்கா, நாளைக்குக் காலைல எல்லாருமா கையெழுத்துப் போட்டு மெம்பர்கிட்ட எழுதிக் குடுத்துடலாம்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமேயில்லை. அப்புறம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.