மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு யாரு சொன்னா?

நான் படிச்சது பி.எஸ்சி எம்.எல்.டி, அதாவது மெடிக்கல் லேப் டெக்னாலஜி. சொந்தக்காரங்க கிட்ட சொன்னா "ஓ, ரத்தம் எடுக்குற கோர்ஸா"ன்னு கேப்பாங்க, நானும் ஆமாங்கன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவேன், விளக்க ஆரம்பிச்சா பந்தியில சோறு ஆறிடும். ஆனா இந்தக் கோர்ஸ்ல சேரலாமான்னு பிளஸ் டூ முடிச்ச பசங்க அடிக்கடி கேக்குறாங்க, அவங்களுக்காக ஒரு தடவை முழுசா எழுதிப் போட்டுடலாம்னு உக்காந்தேன்.

நம்ம ஊர்ல இது எம்.ஜி.ஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டி கோர்ஸ். மூணு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்குதான். அனாட்டமி, பிசியாலஜில ஆரம்பிச்சு பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பேத்தாலஜி, பிளட் பேங்க்னு போகும். புக்ல இருக்குறதை மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ணிடலாம், அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல, ஆனா லேப்ல உக்காந்த முதல் வாரமே புரிஞ்சுடும், இங்க மெஷினை ஓட்டுறது வேலையே இல்ல, அது துப்புற நம்பரை நம்பலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதுதான் வேலை.

ஒரு கேஸ் சொல்றேன். காலைல ஓபில இருந்து வந்த சாம்பிள், பொட்டாசியம் 9ன்னு வருது. 5.5 தாண்டினாலே அதிகம், 9ன்னா ஆளு ஐசியூல இருக்கணும், இல்ல உயிரோடவே இருக்கக் கூடாது. எட்டிப் பாத்தா அந்த மனுஷன் வெளிய பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிட்டு பேப்பர் படிச்சிட்டு இருக்காரு. பக்கத்துல இருந்த சீனியர் அக்கா நிமிர்ந்து கூட பாக்கல, "கால்சியம் எவ்வளவுன்னு பாரு"ன்னாங்க. பாத்தா 4, ரொம்பக் கம்மி. ஏஎல்பின்னு ரத்தத்துல பாக்குற ஒரு என்சைம், அதுவும் தரையில கிடக்கு. "போய் புதுசா எடுத்துட்டு வரச் சொல்லு"ன்னு சொல்லிட்டு அவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. விஷயம் என்னன்னா, ரத்தம் எடுத்த பையன் சிவப்பு ட்யூப்ல கொஞ்சம் குறையுதேன்னு ஊதா ட்யூப்ல இருந்து ஊத்தி ரொப்பியிருக்கான். ஊதா மூடிக்குள்ள இருக்குறது பொட்டாசியம் ஈடிடிஏ. அது ரத்தம் உறையாம இருக்க கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், அதுல இருக்குற பொட்டாசியம் சாம்பிளோட சேந்துடும், ஏஎல்பி என்சைமுக்கு வேண்டிய துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பிடுங்கிடும். பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கி, ஏஎல்பி இறங்கினா இதுதான் கதைன்னு அந்த அக்காவுக்கு அத்துப்படி. மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல, அது உள்ள இருக்குறதை ஒழுங்காத்தான் அளந்து சொல்லுச்சு.

அதனாலதான் எந்த ட்யூப்ல முதல்ல எடுக்கணும், எது அடுத்துன்னு ட்யூப் ஆர்டர்னு ஒண்ணை மண்டையில ஏத்துவாங்க. கிருமி வளத்துப் பாக்குற கல்ச்சர் பாட்டில் முதல்ல, அப்புறம் நீலம், அப்புறம் சிவப்பு இல்லன்னா மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியா சுகருக்கு சாம்பல். கையைக் கட்டி ரொம்ப நேரம் விட்டாலும், "நல்லா மூடி மூடித் திறங்க"ன்னு சொல்லி எடுத்தாலும் பொட்டாசியம் ஏறும். ட்ரிப் ஏறிட்டு இருக்குற கையிலயே எடுத்தா வர்றது பேஷண்டோட சுகர் இல்ல, க்ளூக்கோஸ் பாட்டிலோட சுகர். லேப் தப்புன்னு ஊர்ல பேசுறதுல பெரும்பாலானது சாம்பிள் மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும்.

டெங்கு சீசன் பத்தி சொல்லியே ஆகணும். ஐப்பசி, கார்த்திகை வந்துட்டா ஊரு முழுக்க பிளேட்லெட் கவுண்ட்தான், கிரிக்கெட் ஸ்கோர் கேக்குற மாதிரி ரெண்டு மணிக்கொரு தரம் கவுண்டர்ல வந்து நிப்பாங்க, ஒரு கையில நிலவேம்புக் கஷாயம் இன்னொரு கையில பப்பாளி இலைச் சாறு. சாதாரணமா ஒன்றரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் வரைக்கும் இருக்கும், மெஷின்ல முப்பதாயிரம்னு வந்தா வீடே அழுதுடும். ஆனா சில பேருக்கு ஈடிடிஏ ட்யூப்ல போட்டாலே பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கொத்துக் கொத்தாயிடும், மெஷின் சைஸை வெச்சுதான் எண்ணுது, அதுக்கு அந்தக் கொத்து பிளேட்லெட்டாவே தெரியாது. உடம்புல எல்லாம் நல்லாத்தான் இருக்கும், ட்யூப்லதான் குறைஞ்சிருக்கும். அதுக்குத்தான் ஸ்மியர் போட்டுப் பாக்குறது. ஸ்லைடுல ஒரு சொட்டு ரத்தம், இன்னொரு ஸ்லைடைச் சாய்ச்சு வெச்சு ஒரே இழுப்பு, நாக்கு மாதிரி வரணும், கையை அமுக்கினாலும் போச்சு, நடுவுல நிறுத்தினாலும் போச்சு. காஞ்சதும் லீஷ்மன் ஸ்டெயின்னு ஒரு சாயம் ஊத்தி ரெண்டு நிமிஷம், அது மேலயே ரெண்டு மடங்கு பஃபர் தண்ணி ஊத்தி ஒரு ஏழெட்டு நிமிஷம், கழுவிட்டு மைக்ரோஸ்கோப்ல ஆயில் இம்மர்ஷன்ல, அதாவது எண்ணெய் விட்டுப் பாக்குற லென்ஸ்ல பாக்கணும். ஒரு ஃபீல்டுக்கு, அதாவது லென்ஸ்ல ஒரு தடவை தெரியுற வட்டத்துக்கு, சராசரியா எத்தனை பிளேட்லெட்னு எண்ணி பதினஞ்சாயிரத்தால பெருக்கினா தோராயமா கவுண்ட் வந்துடும். ஸ்லைடு ஓரத்துல கொத்து தெரிஞ்சா நீல மூடி ட்யூப்ல திரும்ப எடுத்து ஓட்டணும், அதுல ரத்தம் உறையாம இருக்கப் போட்ட மருந்து தண்ணியா இருக்குறதால வர்ற நம்பரை 1.1ஆல பெருக்கணும்.

லீஷ்மன்னு சொன்னதும் ஞாபகம் வருது. பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் வில்லியம் லீஷ்மன் இந்த ஸ்டெயினைக் கொண்டு வந்தது 1901ல. 1903ல காலா அசார்ங்குற, மண்ணீரல் வீங்குற காய்ச்சலோட கிருமியைப் பத்தி அவர் எழுதின கொஞ்ச நாள்லயே, நம்ம மெட்ராஸ் ஜெனரல் ஹாஸ்பிடல்ல இருந்த சார்லஸ் டோனோவன் அதே கிருமியைப் பாத்ததா எழுதினாரு. லீஷ்மன் பாத்தது செத்துப்போன ஒரு சிப்பாயோட மண்ணீரல்ல, டோனோவன் உயிரோட இருந்த நோயாளி கிட்ட இருந்தும் எடுத்தாரு. கடைசில, மலேரியா கொசுவால பரவுதுன்னு கண்டுபிடிச்ச ரொனால்ட் ராஸ் ரெண்டு பேர் பேரையும் சேத்து லீஷ்மேனியா டோனோவனின்னு வெச்சுட்டாரு. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்ல நடந்த விஷயம் இது, எங்களுக்கு மூணு வருஷ கிளாஸ்ல யாரும் சொல்லல, அஞ்சு மார்க் கேள்வில வரலன்னா சொல்ல மாட்டாங்க போல.

எனக்குப் பிடிச்ச இடம் ஹிஸ்டோபேத்தாலஜி, அதாவது உடம்புல இருந்து எடுத்த திசுவை மெல்லிசா வெட்டி மைக்ரோஸ்கோப்ல நோயைப் பாக்குற பிரிவு. நிறைய பேருக்குப் பிடிக்காது, திசு கெடாம இருக்கப் போடுற ஃபார்மலினோட நெடி கண்ணுல தண்ணி வர வெச்சுடும். ஆபரேஷன் பண்ணி எடுத்த திசு பத்து சதவீத ஃபார்மலின்ல வரணும், திசுவைப் போல பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்கணும், வாய் அகலமான டப்பால இருக்கணும். எப்படி வரும்னா, குட்டி ஹார்லிக்ஸ் பாட்டில்ல கர்ப்பப்பையைத் திணிச்சு வரும், ஃபார்மலின்ல அது கெட்டியானதுக்கப்புறம் வெளிய எடுக்கவே முடியாது. இல்லன்னா சலைன்ல போட்டு பாலிதீன் கவர்ல கட்டி, நோயாளியோட தம்பி பஸ்ல எடுத்துட்டு வருவாரு, அதுக்குள்ள செல் எல்லாம் கெட ஆரம்பிச்சிருக்கும், அவர் மேல என்ன தப்பு, கையில குடுத்து அனுப்பினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

டாக்டர் வேணுங்குற இடத்தை வெட்டிக் குடுத்ததும் ராத்திரி பூரா அது ஆல்கஹால், சைலீன், உருகின மெழுகுன்னு ஒவ்வொண்ணா ஏறி இறங்கும். காலைல ப்ளாக் பண்ணும்போது, அதாவது மெழுகுக் கட்டியா வார்க்கும்போது, எந்தப் பக்கம் கீழ வரணும்னு பாத்து வைக்கணும், தோலைப் படுக்க வெச்சா அடுக்கே தெரியாது. அப்புறம் மைக்ரோடோம், திசுவை மெல்லிசா சீவுற மெஷின். ப்ளாக்கை ஐஸ்ல வெச்சுக் குளிர வெச்சு, கைப்பிடியைச் சுத்தினா மூணு நாலு மைக்ரான்ல ரிப்பன் மாதிரி வரும். சிவப்பு அணுவோட குறுக்களவே ஏழு மைக்ரான்தான், அதுல பாதி கனம்னா யோசிச்சுக்கோங்க. பக்கத்துல ஃபேன் போட்டா பறந்துடும், மூச்சு பலமா விட்டாலே சுருண்டுக்கும். பிரஷ்ஷால எடுத்து வெதுவெதுப்பான தண்ணில மிதக்க விட்டா சுருக்கம் எல்லாம் தானா விரியும், அப்ப ஸ்லைடை அடியில கொண்டுபோய் ஏந்தணும். அந்த நேரம் யாராவது கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன்.

ஹெமடாக்ஸிலின்னு நாங்க போடுற சாயம் மத்திய அமெரிக்காவுல வளர்ற ஒரு மரத்தோட கட்டையில இருந்து வர்றது, முதல்ல செவப்பாத்தான் ஏறும், குழாய்த் தண்ணில காட்டினா நீலமா மாறும், தண்ணில கொஞ்சம் காரத்தன்மை இருந்தாப் போதும். கேன்சரா இல்லையாங்குற பெரிய கேள்விக்கு பதில் கடைசில பேத்தாலஜிஸ்ட் சொல்றதுதான், ஆனா என் கையில சுருக்கம் விழுந்த ஸ்லைடுல அவங்க எதைப் பாத்துச் சொல்ல முடியும்?

குறை சொல்லணும்னா சம்பளம். பிரைவேட் லேப்ல ஆரம்பத்துல குடுக்குறது ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போயிடும், நைட் டூட்டி தனி. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல ஃபார்மலின் ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ரிப்பேராகி மாசக்கணக்கா கிடந்தது, ஃபார்மால்டிஹைடு மனுஷனுக்கு கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஏஜென்சி 2004லயே முடிவு சொல்லியாச்சு, இதைச் சொன்னா "ஜன்னலைத் திறந்து வெச்சுக்கம்மா"ன்னாங்க. ரிசப்ஷன்ல மட்டும் ஏசி.

சேரணும்னு நினைக்குற பசங்க காலேஜ் பில்டிங்கைப் பாக்காதீங்க. சொந்தமா ஆஸ்பத்திரி இருக்கா, தினமும் எவ்வளவு சாம்பிள் வருது, ஹிஸ்டோபேத்ல ஸ்டூடண்ட் கையில மைக்ரோடோமைக் குடுப்பாங்களா இல்ல எட்ட நின்னு பாக்க விடுவாங்களா, பிளட் பேங்க் உள்ள விடுவாங்களான்னு அங்க படிக்குற தேர்ட் இயர் பசங்க கிட்டப் போய்க் கேளுங்க. அட்மிஷன் ஆபீஸ்ல கேட்டா எல்லாத்துக்கும் உண்டு உண்டுன்னுதான் சொல்வாங்க.